ஊமைப் படத்தில் ஒரு தாயாதிச் சண்டை
தென்னிந்தியாவின் முதல் கதைப் படத்தை எடுத்த நடராஜ முதலியார்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு காலத்தில் சினிமா ஸ்டூடியோ ஒன்று இருந்தது. முன்பு அதற்கு நெப்டியூன் ஸ்டூடியோ என்று பெயர். பிறகு அது எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோ ஆயிற்று. இப்போது அந்த இடத்தில் பெண்கள் கல்லூரி நடக்கிறது. சத்யா ஸ்டூடியோவைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள்.

ஆனால், இந்த ஸ்டூடியோக்களுக்கெல்லாம் மூத்தது ஒன்று உண்டு. அது புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோடில் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று யாரும் இல்லை. அதை அமைத்தவர் ஆர்.நடராஜ முதலியார். தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான "கீசக வதம்" அங்கேதான் உருவாயிற்று.

சைக்கிள் வியாபாரி

நடராஜ முதலியார் 1885-ம் ஆண்டு வேலூரில் பிறந்தவர். வியாபாரத்தில் நாட்டம் கொண்டு சென்னைக்கு வந்தார். உறவினர் தர்மலிங்க முதலியாருடன் சேர்ந்து சைக்கிள் கடை நடத்தினார். சைக்கிளில் லாபம் வந்தது. அடுத்து அமெரிக்க மோட்டார் கார்களை வரவழைத்து விற்றார்.

மோட்டார் வியாபாரிக்குச் சினிமா மோகம் எப்படி வந்தது?

1913-ம் ஆண்டு பம்பாயில் தாதா சாகேப் பால்கே "ராஜா ஹரிச்சந்திரா" என்ற படத்தை வெளியிட்டார். மறு ஆண்டு சென்னை மவுண்ட் ரோடில் ரகுபதி வெங்கையா "கெயிட்டி" தியேட்டரைக் கட்டினார். பால்கேயின் புராணப் படங்கள் சென்னைக்கும் வந்தன. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். நடராஜ முதலியாரும் பார்த்தார். போட்டோ எடுப்பதில் அவருக்கு ஏற்கெனவே ஆசை உண்டு. நாமும் ஒரு படம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் அவர் மனதில் விழுந்தது.

வெள்ளைக்காரரிடம் பாடம்

அந்த நாளில் சினிமாத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. தமிழ்நாட்டில் அதைத் தெரிந்தவர்களும் அரிது. முதலியார் ரயில் ஏறிப் புனாவுக்குப் போனார். அங்கே ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரக் காமிராக்காரரிடம் காமிராவைக் கையாளும் விதத்தைக் கற்றுக்கொண்டார்.

திரும்பி வந்ததும் தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதாரர் மூப்பனாரிடமிருந்து ஒரு காமிராவை 1,800 ரூபாய்க்கு வாங்கினார். நண்பர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்து "இந்தியா பிலிம் கம்பெனி"யைத் தொடங்கினார்.

எந்தக் கதையை எடுப்பது?

இனித்தான் பெரிய கேள்வி. படமோ பேசாது. பாட்டு இல்லை, வசனம் இல்லை. வாய் அசையும், சத்தம் வராது. அப்படிப்பட்ட படத்தை ஜனங்கள் புரிந்துகொள்ள வேண்டுமானால், கதை அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதலியார் பாரதத்தை எடுத்துக்கொண்டார். வேலூர், ஆற்காடு பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதம் படிப்பார்கள். விடிய விடியக் கூத்து நடக்கும். பாண்டவர்களுக்கும் கௌரவர்களுக்கும் நடந்த தாயாதிச் சண்டையை அறியாத குழந்தைகூட அங்கே இருக்காது.

அந்தச் சண்டையின் நடுவே வருவதுதான் கீசகன் கதை. சூதாட்டத்தில் நாட்டை இழந்த பாண்டவர்கள், 12 ஆண்டு காட்டில் இருந்துவிட்டு ஓர் ஆண்டு மறைந்து வாழ வேண்டும். அடையாளம் தெரிந்துவிட்டால் மறுபடியும் வனவாசம். விராட ராஜன் அரண்மனையில் திரௌபதி பணிப்பெண்ணாக இருக்கிறாள். ராணியின் தம்பி கீசகன் அவள்மீது கெட்ட கண் வைக்கிறான். சமையற்காரனாக இருக்கும் பீமன், இரவோடு இரவாக அவனைக் கொன்று தீர்க்கிறான்.

உறவினர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. முதன்முதலாக எடுக்கும் படத்துக்கு இந்தக் கதையா என்று தடை சொன்னார்கள். முதலியார் தயங்கினார். அப்போது துணிவு கொடுத்தவர் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார்.

35 நாள் வேலை

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-18 காலம் அது. நாடக அனுபவம் உள்ள வக்கீல் ரங்கவடிவேலு நடிகர்களுக்குப் பயிற்சி அளித்தார். ராஜு முதலியார் கீசகனாகவும், ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தார்கள்.

ஸ்டூடியோவில் மின்சார விளக்கு கிடையாது. மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். அதன் வழியே வடிந்த சூரிய வெளிச்சத்தில்தான் படம் பிடித்தார்கள். காமிராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு வினாடிக்குச் சுமார் 16 படங்கள். வேகம் கூடினாலும் குறைந்தாலும் காட்சி கெட்டுவிடும்.

சென்னை வெயில் பிலிம் கழுவ ஒத்துவராது. ஆகவே குளிர்ச்சியான பெங்களூரில் அதற்கு ஏற்பாடு செய்தார். எடுத்தது நன்றாக வந்திருக்கிறதா என்பது பெங்களூரில் கழுவிப் பார்த்த பிறகே தெரியும்.

35 நாட்களில் படப்பிடிப்பு முடிந்தது. செலவு 35 ஆயிரம் ரூபாய். பிலிமின் நீளம் 6 ஆயிரம் அடி. கதையை விளக்கத் தமிழ், இங்கிலீஷ், இந்தி மூன்று மொழிகளிலும் எழுத்துக்கள் காட்டப்பட்டன. அக்காலத்தில் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். ஊமைப் பட நாட்களில், திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரத்த குரலில் கதை சொல்லுவது வழக்கம்.

படம் வெற்றி பெற்றது. பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கும் போயிற்று. வசூல் 50 ஆயிரம் ரூபாய். செலவு போக 15 ஆயிரம் லாபம்.

அடுத்ததும் அதே சண்டைதான். "திரௌபதி வஸ்திராபஹரணம்" எடுத்தார். குடும்பப் பெண்கள் காமிரா முன் வர அஞ்சிய காலம் அது. எனவே, மரியான் ஹில் என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண் திரௌபதியாக நடித்தார். பின்னர் "லவ குசா", "மார்க்கண்டேயா" முதலிய படங்களும் வந்தன.

தீயும் துயரமும்

1923-ம் ஆண்டோடு எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்டூடியோவில் தீப்பிடித்தது. மகனையும் முதலியார் பறிகொடுத்தார். தொழிலில் நஷ்டம் வந்தால் மீண்டும் சம்பாதிக்கலாம். பெற்ற பிள்ளை போனால் எதைக் கொண்டு ஈடு செய்வது? மனம் உடைந்த முதலியார் சினிமாவை விட்டு ஒதுங்கினார். அப்போது அவருக்கு வயது 40 கூட ஆகவில்லை.

அதன் பிறகு அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். 1931-ல் "காளிதாஸ்" வந்து படம் பேசத் தொடங்கியது. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் பெரிய பெரிய ஸ்டூடியோக்கள் எழுந்தன. பாகவதரும் சின்னப்பாவும் கொடி கட்டிப் பறந்தார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வந்தார்கள். வாசலைத் திறந்துவிட்டவர் அத்தனையையும் வெளியே இருந்தே பார்த்தார். 1971-ல் காலமானார்.

ஒரு அடிகூட இல்லை

இன்று "கீசக வதம்" படத்தின் பிரதி எங்கும் இல்லை. 6 ஆயிரம் அடியில் ஒரு அடிகூட மிஞ்சவில்லை. அக்காலத்துப் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். தீயிலிருந்து தப்பினாலும் நாளடைவில் பொடிந்து போகும். ஓடி முடிந்த ஊமைப் படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆகையால், நடராஜ முதலியாரின் உழைப்பை நாம் திரையில் பார்க்க வழி இல்லை. வாயால் சொல்லித்தான் காப்பாற்ற வேண்டும். அடுத்த முறை புரசைவாக்கம் பக்கம் போனால், மில்லர்ஸ் ரோடைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சைக்கிள் விற்ற ஒருவர், வெள்ளைத் துணியின் கீழே நின்று, வெயிலை விளக்காக்கிப் படம் எடுத்த தெரு இதுதான் என்று சொல்லுங்கள்.