பெட்ரோலில் விஷம் கலந்த மேதை

வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வரை கார் சுகமாக ஓடும். அதற்கு மேல் ஜவ்வாது மலை. காவலூருக்கு ஏறுகிற பாதை வளைந்து வளைந்து போகும்.

பழைய கார் ஒன்று ஏறுகிறது. உள்ளே நாலு பேர். பின்னால் மூட்டை முடிச்சு. டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கிறார். இஞ்சினுக்குள் ஒரு சத்தம் கிளம்புகிறது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் கடகட என்று கேட்கிறது.

இதற்கு மெக்கானிக்குகள் சொல்லும் பெயர் நாக்கிங்.

உடனே காருக்குள் விவாதம் தொடங்கிவிடும். சாதா பெட்ரோல் போட்டதுதான் தப்பு என்பார் ஒருவர். விலை கூடிய பெட்ரோல் போட்டால் மலையில் கார் பறக்கும் என்பார் இன்னொருவர்.

இந்தச் சத்தத்தை ஒழிக்க இரவு பகலாகப் பாடுபட்டவர் ஒருவர் உண்டு. பெட்ரோல் பங்க்கில் சாதா, உயர் ரகம் என்று இரண்டு குழாய்கள் வந்ததற்கு அவர் ஒரு முக்கிய காரணம். அவர் பெயர் தாமஸ் மிட்ஜ்லி. அமெரிக்கர்.

சிவப்பு இலை

மிட்ஜ்லி 1889-ம் ஆண்டு மே 18-ந் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இஞ்சினியரிங் படித்து, 1911-ல் பட்டம் பெற்றார். ரசாயனம் அவர் படித்த படிப்பு அல்ல!

1916-ல் டேட்டன் நகரில் கெட்டரிங் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கைப்பிடியைச் சுற்றாமல் பொத்தானை அழுத்தி காரைக் கிளப்ப வழி செய்தவர் இந்த கெட்டரிங்தான். இஞ்சின் சத்தத்துக்கு அவருடைய மின்சாரக் கருவிதான் காரணம் என்று பலரும் பழி போட்டார்கள். உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலையை மிட்ஜ்லியிடம் ஒப்படைத்தார்.

மிட்ஜ்லி கண்டது இதுதான். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்த்து நசுக்கப்படுகின்றன. பிளக்கில் தீப்பொறி விழுகிறது. தீ ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் சீராகப் பரவ வேண்டும். ஆனால் கடைசியில் மிஞ்சும் பெட்ரோல் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காமல், தீ வந்து சேருமுன் தானே வெடித்துவிடுகிறது. குற்றவாளி மின்சாரம் அல்ல, பெட்ரோல்!

இதற்கு என்ன மருந்து? பனி உருகும் முன்பே பூக்கும் ஒரு செடி அங்கே உண்டு. அதன் இலை சிவப்பு. சிவப்பு நிறம் சூட்டை இழுப்பதால்தான் அது முந்திப் பூக்கிறதோ என்று இருவரும் நினைத்தார்கள். பெட்ரோலைச் சிவப்பாக்கினால் என்ன? கையில் சாயம் இல்லை. அயோடினைக் கலந்தார் மிட்ஜ்லி. சத்தம் குறைந்தது!

பிறகு வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தார். ஒரு பலனும் இல்லை. வேலை செய்தது நிறம் அல்ல, அயோடின். தப்பான யோசனை சரியான கதவைத் திறந்துவிட்டது.

அதன் பின் எத்தனையோ பொருள்களைக் கலந்து பார்த்தார். டெலூரியம் நன்றாக வேலை செய்தது. ஆனால் ஆராய்ச்சி செய்தவர்கள் மேலெல்லாம் பூண்டு நாற்றம். குளித்தாலும் போகவில்லை.

1921-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ஈயச் சத்துள்ள ஒரு திரவத்தைக் கலந்தார். சத்தம் அடியோடு நின்றது. ஒரு காலன் பெட்ரோலுக்கு 3 மில்லி அளவே போதும்.

1923 பிப்ரவரியில் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. பெயர் எத்தில் பெட்ரோல். சிவப்புச் சாயம், கூடுதல் விலை. பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை.

ஈயம் விஷம் என்பது உலகம் அறிந்தது. சாராயச் சத்தான ஆல்ககாலும் இந்தச் சத்தத்தை அடக்கும் என்பது மிட்ஜ்லிக்குத் தெரியும். ஆனால் ஆல்ககாலை யாரும் காய்ச்சலாம். ஈய மருந்துக்குக் காப்புரிமை உண்டு, லாபம் உண்டு. கம்பெனி ஈயத்தைத் தேர்ந்தெடுத்தது.

எது நல்லது?

உயர் ரக பெட்ரோலில் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தானே வெடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் குணம்தான் அதில் அதிகம். அந்தக் குணத்தை ஆக்டேன் எண்ணால் அளக்கிறார்கள். பெட்ரோலை அதிகமாக நசுக்கும் இஞ்சினுக்கு அது தேவை. சாதா பெட்ரோலுக்கு என்று செய்த நல்ல நிலையில் உள்ள காரில் அதை ஊற்றினால், ஜவ்வாது மலை ஏறும்போதும் பெரிய லாபம் எதுவும் கிடையாது. காருடன் கொடுக்கும் புத்தகத்தில் எது வேண்டும் என்று எழுதியிருக்கும். இந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில், சத்தம் வந்ததுமே தீப்பொறியின் நேரத்தை மாற்றிச் சரிசெய்யும் கருவியும் இருக்கிறது.

ஐந்து பிணங்கள்

1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அந்த ஈய மருந்தைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்களுக்குப் புத்தி தடுமாறியது. இல்லாததைக் கண்டு அலறினார்கள். 5 பேர் இறந்தார்கள். 30-க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். அவர்கள் கண் முன்னே அந்தத் திரவத்தில் கை கழுவினார். அதன் ஆவியை ஒரு நிமிடம் முகர்ந்தார். ஆபத்தே இல்லை என்று காட்டினார்.

ஆனால் முந்தைய ஆண்டு ஈய விஷம் உடலில் ஏறி ஓய்வுக்குப் போனவர் அவரேதான்! அதை அந்தக் கூட்டத்தில் அவர் காட்டிக்கொள்ளவில்லை.

1925-ல் விற்பனை நிறுத்தப்பட்டது. விசாரணை நடந்தது. 1926-ல் மீண்டும் தொடங்கியது.

மிட்ஜ்லி அடுத்து குளிர்பெட்டிக்கு ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார். அதுதான் பிரியான். பூமிக்குக் கவசமான ஓசோன் படலத்தை அந்த இன வாயுக்கள் அரிக்கின்றன என்று தெரிந்தது 1974-ல். இது தெரியாமல் செய்தது. ஈயத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

பதக்கங்கள் குவிந்தன. 1940-ல் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால்கள் விழுந்துவிட்டன. படுக்கையில் இருந்து எழ, கயிறும் கப்பியும் கொண்ட ஒரு கருவியைத் தாமே செய்துகொண்டார். 1944-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, அந்தக் கயிற்றில் கழுத்து இறுகி இறந்து கிடந்தார். வயது 55.

அவருடைய ஈயம் அவரோடு போகவில்லை. புகையாகக் காற்றில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. பூமியின் வயதைக் கணக்கிட்ட பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, ஈயம் எங்கும் படிந்து கிடப்பதை 1965-ல் எடுத்துக் காட்டினார்.

இந்தியாவில் சென்னை உள்பட 4 பெருநகரங்களில் 1995-ல் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நிறுத்தப்பட்டது. அதுவரை ஜவ்வாது மலை ஏறிய அம்பாசடர்களும் பியட்களும் ஈயப் புகையை விட்டுக்கொண்டேதான் ஏறின. அன்று கம்பெனி ஒதுக்கிய அதே ஆல்ககாலைத்தான் இன்று நம் பெட்ரோலில் கலக்கிறார்கள்.

கார்களுக்கு ஈய பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா. அங்கே அது நின்றது 2021 ஜூலையில். மிட்ஜ்லி இறந்து அப்போது 76 ஆண்டுகள் ஆகியிருந்தன.