மன்னன் லூயியின் கணக்கப்பிள்ளை

ஞாயிறு மாலைகளில் என்னிடம் பாடம் கேட்க வரும் பத்தாம் வகுப்பு மாணவர் இருவர், சென்ற வாரம் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தனர். வணிகவாதம் என்பது அச்சொல். பாடநூலில் இருந்த நான்கு வரிகளையும் நெட்டுருப் போட்டிருந்தனர், பொருள்தான் விளங்கவில்லை. இயற்பியல் படிப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் ஒதுங்கியிருக்கலாம். ஆயினும் ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். நண்பர்களே, அதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

ழான் பாப்டிஸ்ட் கோல்பேர் 1619-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டின் ரேம்ஸ் நகரில், வாணிபக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிரபுக்கள் மலிந்த அரண்மனையில் வணிகர் மகனுக்கு இடம் ஏது? கணக்கேடே அவருக்கு வாளாயிற்று. முதலமைச்சர் மசாரினின் சொத்துக்களை நிருவகித்து நம்பிக்கை பெற்றார். 1661-இல் மசாரின் இறந்தார். அவ்வாண்டே நிதிப் பொறுப்பிலிருந்த ஃபூக்கே சிறைப்பட்டார். அவரைக் கவிழ்த்த கணக்குகளைத் திரட்டித் தந்தவர் கோல்பேர்தாம். ஃபூக்கே சிறையிலேயே மாண்டார். கோல்பேர் 1665-இல் நிதித்துறைத் தலைவரானார். 1669-இல் கடற்படையும் அவர் கைக்கு வந்தது.

உலக வாணிபத்துக்கு ஓர் அளவு உண்டு, அது கூடாது குறையாது என்பது அவர் கொண்ட முடிவு. ஐரோப்பாவின் கப்பல்கள் ஏறத்தாழ 20,000 என்றும், அவற்றில் டச்சுக்காரரிடம் 15,000-க்கு மேல் இருக்கப் பிரெஞ்சுக்காரரிடம் சில நூறே என்றும் கணக்கிட்டார். ஒரே குடத்துத் தண்ணீர். அவன் இரண்டு செம்பு மொண்டால் எனக்கு இரண்டு செம்பு குறையும். இவ்வுவமை சிறுவர்களுக்குச் சட்டெனப் பிடிபட்டது. நாம் ஆய்வுக்கூடத்தில் பொருண்மை அழியாமை விதியைக் கையாள்வதுபோல் அவர் வாணிபத்தைக் கையாண்டார். பண்டமோ உழைப்பால் பெருகுவது. அங்கேதான் அவர் கணக்குப் பிசகியது என்பேன்.

வெள்ளி நாட்டைவிட்டுப் போகலாகாது. பிறர் வெள்ளி உள்ளே வரவேண்டும். இதற்கு அவர் பட்ட பாட்டைப் பாருங்கள்! சீமான்கள் வாங்கிய கண்ணாடிகளெல்லாம் வெனிஸ் நகரத்தவை. அத்தொழில் மறையை அந்நகரம் உயிர்போல் காத்துவந்தது. கோல்பேர் வெனிஸ் தொழிலாளர்களை ஆசைகாட்டி வரவழைத்து, 1665-இல் பாரிசில் கண்ணாடித் தொழிற்சாலை கண்டார். வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்திலுள்ள 357 கண்ணாடிகளும் பிரெஞ்சு நாட்டில் செய்தவையே. துணிக்கு இழை எத்தனை, அகலம் எவ்வளவு, சாயம் எது என்பதற்கெல்லாம் சட்டம் போட்டார். 1670-ஆம் ஆண்டு ஆணைப்படி, குறையுள்ள துணியை நெய்தவன் பெயரோடு கம்பத்தில் தொங்கவிட்டனர். மூன்றாம் முறை தவறினால் நெய்தவனையே கட்டிவைக்கலாம். அம்மம்ம!

1667-இல் டச்சுத் துணிமீது சுங்கத்தை ஏற்றினார். பகை முற்றி 1672-இல் போர் மூண்டது. பத்தாண்டுகள் குருவிபோல் சேர்த்தது போர்ச்செலவில் கரைந்தது. 1678-இல் அமைதி உடன்பாட்டின்போது அந்தச் சுங்கமும் போயிற்று.

அறிவியல் மாணவர்கள் அவரை வெறுத்துவிடவும் இயலாது. 1666-இல் பாரிசில் அறிவியற் கழகம் நிறுவியவர் அவரே. சம்பளம் தந்து அதற்கு அழைத்தவர்களில் ஹைகன்ஸ் டச்சுக்காரர்! போர் நடந்தபோதும் அவர் பாரிசில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கோல்பேர் எழுப்பிய வானாய்வுக் கூடத்தில் இருந்துதான் ஒளி பயணம் செய்யக் காலம் பிடிக்கிறது என்பதை ரோமர் 1676-இல் கண்டறிந்தார்.

நம் கரைக்கும் அவர் கை நீண்டது. 1664-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். வணிகர்கள் பணம் போடத் தயங்கினர். மன்னன் கருவூலமே பெரும்பங்கு தந்தது. 1668-இல் சூரத்தில் பண்டகசாலை வைத்தனர். 1673-இல் பீசப்பூர் அதிகாரி ஷெர்கான் லோடியிடமிருந்து பாண்டிச்சேரியில் இடம் கிடைத்தது. அங்கே வாங்கியது நம் நெசவாளர் நெய்த துணி. மாற்றாகக் கொடுக்கப் பிரெஞ்சுச் சரக்குக்கு இங்கே கிராக்கி இல்லை. ஆகவே வெள்ளிதான் கப்பலேறி வந்தது. எதைத் தடுக்கப் பாடுபட்டாரோ அதை அவர் வைத்த கம்பெனியே செய்தது!

அட்லாண்டிக் தீவுகளின் கதை கொடியது. மார்த்தினிக்கும் குவாதலூப்பும் கரும்பு விளைக்கவேண்டும். பிரெஞ்சுக் கப்பலில் பிரான்சுக்கே அனுப்பவேண்டும். வேறெவரிடமும் விற்கவோ வாங்கவோ கூடாது. விளைத்தவர்களோ ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அவர்களை அசையும் சொத்தாக எண்ணிய கறுப்புச் சட்டத்தை எழுதத் தொடங்கியவர் கோல்பேர். 1685-இல் அது வெளிவந்தபோது கடற்படை அமைச்சராயிருந்தவர் அவர் மகன். இந்த இடத்தில் சிறுவர்கள் பேசாமல் இருந்தனர். நானும் சற்று நேரம் பேசவில்லை.

1683 செப்டம்பர் 6-ஆம் நாள் கோல்பேர் காலமானார். வரிச்சுமையால் வெகுண்டிருந்த பாரிசு மக்களுக்கு அஞ்சி, இரவில் காவலோடு அவரை அடக்கம் செய்தனர். 1686-இல் அரசு இந்திய அச்சுத் துணிகளைத் தடைசெய்தது. 1759 வரை நீடித்தது அத்தடை. அந்த எழுபத்துமூன்று ஆண்டுகளிலும் கள்ளத்தனமாக வந்த அத்துணிகளைப் பிரெஞ்சுப் பெண்கள் உடுத்திக்கொண்டுதான் இருந்தனர்.