ஈரோட்டில் பிறந்த கணித மேதை

பெருந்துறையில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஈரோடு. உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச ராமானுஜன் பிறந்த ஊர் அது. 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி, தாய் கோமளத்தம்மாளின் பெற்றோர் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி வந்தார்.

சிலேட்டும் முழங்கையும்

குடும்பத்தில் வறுமை. காகிதம் வாங்கப் பணம் போதாது. ஆகவே, ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார். முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

கணக்கே கதி என்று இருந்ததால், கல்லூரியில் மற்ற பாடங்களில் தேறவில்லை. படிப்பு நின்றது. 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

வட்டமும் சதுரமும்

ஒரு வட்டத்தின் பரப்புக்குச் சமமான சதுரத்தை, கோடு போடும் சட்டமும் காம்பசும் மட்டும் கொண்டு மிகச் சரியாக வரைய முடியாது. இது 1882-லேயே நிரூபணம் ஆகிவிட்டது.

ஆனால் 1913-ல் ராமானுஜன் ஒரு படம் வரைந்து காட்டினார். அது ஏறத்தாழச் சரியாக வரும். எவ்வளவு சரி? வட்டம் 1,40,000 சதுர மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்! அதற்குச் சதுரம் வரைந்தால், பக்கத்தின் நீளத்தில் வரும் பிழை சுமார் ஓர் அங்குலம்தான்!

அதே ஆண்டு, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-ல் கப்பல் ஏறினார்.

புளியங்கொட்டைக் கணக்கு

நான்கு புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குங்கள். ஒரே வரிசையில் 4 வைக்கலாம். 3, 1 என்று இரண்டு வரிசை வைக்கலாம். 2, 2 என்றும், 2, 1, 1 என்றும், 1, 1, 1, 1 என்றும் வைக்கலாம். ஆக 5 விதம். 9 கொட்டைகளுக்கு 30 விதம். 14-க்கு 135.

4-லும் 9-லும் முடியும் எண்களுக்கெல்லாம் இந்த விடை ஐந்தால் மீதியின்றி வகுபடும். இதைக் கண்டுபிடித்து நிரூபித்தவர் ராமானுஜன்.

ஏன் அப்படி? 1944-ல் டைசன் என்ற ஆங்கில இளைஞர் ஒரு வழி சொன்னார். நீளமான வரிசையில் உள்ள கொட்டைகளிலிருந்து, வரிசைகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். வரும் எண்ணை ஐந்தால் வகுத்து, மீதிப்படி பிரித்தால், அடுக்குகள் எல்லாம் ஐந்து சம பங்காகும். இது சரி என்று 1954-ல் நிரூபித்தார்கள்.

32 வயதில் மறைவு

1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி ராமானுஜனை உறுப்பினராக்கியது. ஆனால் நோய் விடவில்லை. 1919-ல் தாயகம் திரும்பினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். அப்போது வயது 32.

பரீட்சையில் தோற்ற பிள்ளையை எடைபோட அவசரப்பட வேண்டாம், பெற்றோர்களே! இன்று குழந்தைகளிடம் ஐந்து புளியங்கொட்டை கொடுங்கள். எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேளுங்கள். விடை 7.