ஐதர் அலி

ஐதர் அலி (ஏறத்தாழ 1720 - டிசம்பர் 7, 1782) 18ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசை ஆண்டவர் ஆவார். இவர் திப்பு சுல்தானின் தந்தை. இவருடைய அரசியல் வாழ்வின் திருப்புமுனை திண்டுக்கல்லில் அமைந்தது. பீரங்கிப் படை, வெடிமருந்துக் கூடம் ஆகியவற்றை இவர் முதன்முதலாக இங்குதான் நிறுவினார்.

இளமை

ஐதர் அலி இன்றைய கருநாடகத்தின் கோலார் மாவட்டத்திலுள்ள பூதிகோட்டையில் பிறந்தார். தந்தை பத்தே முகமது ஒரு போர்வீரர். அவரை இளவயதிலேயே இழந்த ஐதர், எழுதப் படிக்கக் கற்கவில்லை. எனினும் மிகுந்த நினைவாற்றல் உடையவராக விளங்கினார். 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய வீரத்தால் மைசூர்த் தளவாய் நஞ்சராசரின் கவனத்தைப் பெற்றார்.

1750களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்ற நடந்த போரில் மைசூர்ப் படையுடன் பங்கேற்றார். ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகளின் ஒழுங்கையும் துப்பாக்கி, பீரங்கி ஆகியவற்றை அவை கையாண்ட முறையையும் அங்கு நேரில் கண்டார். ஆற்காட்டு நவாப் முகமது அலி, வாக்களித்தபடி திருச்சிராப்பள்ளியை ஒப்படைக்காததால் மைசூர்ப் படை 1755இல் வெறுங்கையுடன் திரும்பியது.

திண்டுக்கல் ஆட்சி

1755இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பவுஜ்தாராக (படை ஆளுநராக) நியமிக்கப்பட்டார். சமவெளியின் நடுவே நிற்கும் பாறைக் குன்றின் மீதுள்ள இக்கோட்டை 1605இல் மதுரை நாயக்கர் காலத்தில் கட்டத் தொடங்கப்பட்டதாகும். சுற்றுப்புறப் பாளையக்காரர்கள் வரி செலுத்த மறுத்து வந்ததால், பழனி, விருப்பாட்சி முதலிய பாளையங்களின் மீது ஐதர் படையெடுத்து அவற்றை அடக்கினார்.

இங்கு ஆயுதச் சாலை, பீரங்கிப் படை, வெடிமருந்துக் கூடம் ஆகியவற்றை அமைத்தார். இதற்காகத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்தார். கணக்குகளைக் கண்டே ராவ் கவனித்துக் கொண்டார். காயமடையாத வீரர்களுக்கும் கட்டுப் போட்டுக் காட்டி, காயப்பட்டோருக்கான தொகையை ஐதர் மைசூர்க் கருவூலத்திலிருந்து பெற்றதாக வரலாற்றாசிரியர் மார்க் வில்க்ஸ் எழுதியுள்ளார். இங்கு சேர்த்த பணமும் படையுமே 1761இல் மைசூரின் ஆட்சியை அவர் கைப்பற்றத் துணை நின்றன. அதே கண்டே ராவ் இடையில் எதிரியாக மாறியபோது அவரை வென்றே ஐதர் அதிகாரத்தை நிலைநாட்டினார்.

1772இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், ஐதரின் ஆதரவுடன் விருப்பாட்சியில் தங்கியிருந்தார். பின்னர் ஐதரின் படை உதவியுடன் சிவகங்கையை மீட்டார்.

ஆங்கிலேயருடன் போர்

முதலாம் மைசூர்ப் போரில் (1767-1769) ஐதர் சென்னை வரை முன்னேறி, ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். இரண்டாம் போரில், செப்டம்பர் 10, 1780 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை முறியடிக்கப்பட்டது. இப்போரில் மைசூர்ப் படை ராக்கெட்டுகளைப் பயன்படுத்தியது. அவற்றின் குழாய் இரும்பால் ஆனதால் வெடிமருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. அதனால் அவை கூடுதல் தொலைவு பாய்ந்தன. எனினும் 1781 சூலையில் பரங்கிப்பேட்டையில் ஐதர் தோல்வியுற்றார்.

மறைவு

முதுகில் ஏற்பட்ட கட்டியால் துன்புற்ற ஐதர் அலி, போர் முடியும் முன்பே சித்தூர் அருகே பாசறையில் காலமானார். திப்பு வந்து சேரும் வரை இச்செய்தி படையினருக்கு மறைக்கப்பட்டது. இவரது உடல் சீரங்கப்பட்டினத்தில் உள்ள கும்பசு கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

எஞ்சியுள்ளவை

1792 உடன்படிக்கையின்படி திண்டுக்கல் ஆங்கிலேயரிடம் சென்றது. 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்த பின் மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுகளுக்கு அவை முன்மாதிரியாயின. ஐதர் 1763இல் வென்ற பெதனூரில் (இன்றைய நகரா, சிவமொக்கா மாவட்டம்) பாழடைந்த கிணறு ஒன்றிலிருந்து, 2018இல் கருநாடகத் தொல்லியல் துறையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகளை அகழ்ந்தெடுத்தனர். திண்டுக்கல் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.