முருகன் வேடத்தில் ஒரு தியாகி

முலுண்டிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம்மவர் பலர், ஊர்க் கோயில் கொடையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த நாடகத்தையே வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான ஆயுதமாக்கியவர் ஒருவர் உண்டு. அவர்தான் தியாகி விசுவநாத தாஸ்.

1886-ஆம் ஆண்டு சிவகாசியில், மருத்துவர் குலத்தில் பிறந்தார். பின்னாளில் திருமங்கலம் அவருடைய ஊராயிற்று. கணீரென்ற குரல் அவருக்குச் சொத்து. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் நடித்துப் பெரும் பெயர் பெற்றார்.

1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தக் கொடுமையை மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டாக எழுதினார். விசுவநாத தாஸ் அதை மேடைதோறும் பாடினார். கதர் உடுத்தினார்.

ஆட்சிக்கு ஆகாத நாடகங்களைத் தடை செய்ய 1876-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் முருகன் கதையை எப்படித் தடுப்பது? வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற நாடகம் அது. அதில் தாஸ் கொக்கைப் பற்றிப் பாடுவார். கேட்பதற்குக் குழந்தைப் பாட்டுப் போல இருக்கும். எழுத்தறியாத ஏழை விவசாயிக்கும் அந்த வெள்ளைக் கொக்கு யாரென்று புரிந்தது. போலீசுக்கும் புரிந்தது. பல முறை கைதானார், சிறை சென்றார். வெளியே வந்ததும் மீண்டும் அதே பாட்டுத்தான்.

ஆட்சி மட்டுமா அவரை வருத்தியது? அவர் பிறந்த குலத்தைக் காட்டி, அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். விடுதலைக்குப் பாடியவருக்குச் சொந்த மக்களிடமே சமத்துவம் கிடைக்கவில்லை. வழக்குகளும் சிறைவாசமும் பிழைப்பைக் கெடுத்தன. கடன் ஏறியது, வீடு அடமானத்தில் மூழ்கியது. அப்போதும் பாட்டை விட்டுப் பணம் தேட அவர் மனம் இசையவில்லை.

1940 டிசம்பர் 31. சென்னையில் ‘வள்ளி திருமணம்’. மயில் மீது முருகனாக அமர்ந்து பாடியவர், பாடிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அவர் பாடிய சுதந்திரம் வர இன்னும் ஏறக்குறைய ஏழாண்டுகள் இருந்தன.

இன்று திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் மதுரையைத் தாண்டும்போது திருமங்கலத்தில் ஒரு நாழிகை இறங்கி, பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம். சட்டத்துக்கும் சாதிக்கும் பணியாத ஒரு குரல் வாழ்ந்த ஊர் அது.