ஜான் பிரவுனிங்

ஜான் மோசஸ் பிரவுனிங் (சனவரி 23, 1855 – நவம்பர் 26, 1926) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். இவர் 128 காப்புரிமங்களைப் பெற்றார். ஆற்றல் குறைந்த தோட்டாவுக்கென அமைந்த கைத்துப்பாக்கியை ஆற்றல் மிக்க தோட்டாவுக்கு ஏற்ப மாற்றும்போது எழும் உறுதிச் சிக்கல்களுக்கு இவர் கண்ட தீர்வுகள் இன்றும் பின்பற்றப்படுகின்றன.

இளமை

பிரவுனிங் யூட்டாவின் ஆக்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோனதன் துப்பாக்கி செய்பவர். தந்தையின் பட்டறையிலேயே தொழில் கற்ற பிரவுனிங், 1879 இல் தமது முதல் காப்புரிமத்தைப் பெற்றார். அத்துப்பாக்கியின் உரிமையை 1883 இல் வின்செஸ்டர் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனத்துக்காக இவர் வடிவமைத்த 1894 மாதிரி நீள்துப்பாக்கி முதலில் கரும்வெடிமருந்துத் தோட்டாக்களுடன் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் புகையற்ற வெடிமருந்துத் தோட்டாவுக்கு மாறியபோது, மிகுந்த அழுத்தத்தைத் தாங்க நிக்கல் எஃகுக் குழல் தேவைப்பட்டது.

.38 இலிருந்து .45 வரை

இவரது வடிவில் கோல்ட் நிறுவனம் 1900 இல் .38 அங்குலத் தானியங்கிக் கைத்துப்பாக்கியை வெளியிட்டது. சுடும்போது குழலின் மேலுள்ள ஸ்லைடு என்னும் உறை பின்னோக்கி நகர்ந்து வெற்றுத் தோட்டாவை வெளியேற்றும். குழலை முன்னும் பின்னும் இரு இணைப்புத் துண்டுகள் தாங்கின. ஸ்லைடைப் பிடித்து நிறுத்தியது குறுக்கே செருகிய ஓர் ஆப்பு மட்டுமே. அது முறிந்தாலோ இல்லாமற் போனாலோ ஸ்லைடு கழன்று சுடுபவரின் முகத்தைத் தாக்கக்கூடும்.

பிலிப்பைன்ஸ் போரில் .38 சுழல் துப்பாக்கிகள் போதவில்லை என்று கருதப்பட்டதால், அமெரிக்க இராணுவம் .45 அங்குலத் தோட்டாவை நாடியது. கோல்ட் 1905 மாதிரி, பழைய அமைப்பையே .45 தோட்டாவுக்கு விரிவாக்கியதாகும். கனமான குண்டு ஸ்லைடுக்கு மிகுந்த உந்தத்தைத் தந்ததால், அந்த ஆப்பின் மீதான சுமையும் கூடியது.

1909 முதலான மாதிரிகளில் பிரவுனிங் முன் இணைப்பை நீக்கி, பின்புற இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டார். ஸ்லைடு முன்புறமாகவே கழலும்படி அமைக்கப்பட்டது. பின்வாங்கும் ஸ்லைடைச் சட்டகமே தடுத்து நிறுத்தியது. 1911 மார்ச்சு மாதச் சோதனையில் இக்கைத்துப்பாக்கி 6,000 தோட்டாக்களைப் பழுதின்றிச் சுட்டது. அம்மாதம் 29 ஆம் நாள் இராணுவம் அதனை ஏற்றுக்கொண்டது.

மறைவும் பிற்காலமும்

1926 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், எஃப்.என். தொழிற்சாலையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது பிரவுனிங் மாரடைப்பால் காலமானார்.

1929 இல் கோல்ட் வெளியிட்ட .38 சூப்பர் தோட்டா, பழைய .38 தோட்டாவின் அளவையே கொண்டது. ஆனால் அழுத்தம் மிகுந்தது. 1911 வடிவம் அதனைத் தாங்கியது. 1900 ஆம் ஆண்டுக் கைத்துப்பாக்கியிலும் அத்தோட்டா பொருந்தும் என்றாலும், அதனை அதில் சுடுவது ஆபத்தானது.

பிரவுனிங் தொடங்கிய ஹை-பவர் கைத்துப்பாக்கியை டியூடொனே செவ் முடித்து 1935 இல் வெளிவரச் செய்தார். இந்தியப் படைகளுக்காக இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை தயாரித்த 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் இவ்வடிவத்தைச் சேர்ந்ததே. 1990களில் ஹை-பவர் .40 அங்குலத் தோட்டாவுக்கு மாற்றப்பட்டபோது, அடித்துருவாக்கிய பழைய சட்டகம் போதாமையால் வலுவான வார்ப்புச் சட்டகம் பயன்படுத்தப்பட்டது.