கடலும் மலையும் பள்ளியாக

குர்ட் ஹான் 1886ஆம் ஆண்டு பெர்லின் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். தெற்கு ஜெர்மனியில் 1920ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சாலெம் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். ஏட்டுக்கல்வி மட்டும் மாணவரை முழுமையாக்காது. உடல் உரமும் பிறர்துயர் களையும் பண்பும் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஹிட்லரின் கட்சியினர் புரிந்த கொலையொன்றை வெளிப்படையாகக் கண்டித்த அவர், 1933ஆம் ஆண்டு சிறையிலிடப்பட்டார். விடுதலைக்குப்பின் பிரிட்டனில் அடைக்கலம் புகுந்தார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார்.

இரண்டாம் உலகப்போரில் கப்பல்கள் தாக்கப்பட்டு மூழ்கியபோது, உயிர்காக்கும் படகுகளில் முதிய மாலுமிகள் பிழைக்க, இளையோர் மாண்டனர் என்று கப்பல் நிறுவனத்தாராகிய லாரன்ஸ் ஹோல்ட் வருந்தினார். வலிமை இருந்தும் மனவுறுதியும் பட்டறிவும் இன்மையே காரணம் எனக் கருதினார். அவருடன் இணைந்து ஹான் 1941ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் அபர்டவியில் ‘அவுட்வர்டு பவுண்டு’ பள்ளியைத் தொடங்கினார். துறைமுகம் நீங்கிக் கடலேகும் கப்பலைக் குறிக்கும் பெயர் அது. அங்கு இளைஞர்கள் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கிப் பாய்மரப் படகு செலுத்தினர், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு மலைகளைக் கடந்தனர், மீட்புப்பணி பயின்றனர். இடருற்றவரைக் காப்பதே பயிற்சியின் உயர்ந்த பயன் என்று ஹான் கருதினார்.

அவர் 1974ஆம் ஆண்டு மறைந்தார். பல நாடுகளில் மாணவர் மேற்கொள்ளும் மலையேற்ற, கடற்பயண முகாம்களில் அவர் வித்திட்ட கல்வி இன்றும் தொடர்கிறது.